வின்னிபெக்கின் ஜனவரிக்கு எந்த டவுன் ஜாக்கெட்?

கேள்வி: என் மகள் வரும் ஜனவரி முதல் வாரத்தில், கனடாவின் வின்னிபெக் நகரில் உள்ள மானிடோபா பல்கலைக்கழகத்துக்கு முதுகலைப் படிப்புக்காகச் செல்கிறாள். வளாகத்துக்கு வெளியே அறை எடுத்துத் தங்கித் தினமும் பேருந்தில் சென்று வருவாள். அவளுக்காக இரண்டு டவுன் ஜாக்கெட்டுகளை, அதாவது பறவையின் தூவி அடைத்த குளிர் ஜாக்கெட்டுகளை, பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 900 ஃபில் பவர் கொண்டது; மொத்த எடையே 300 கிராம்தான்; சுருட்டினால் ஒரு சிறு பைக்குள் அடங்கிவிடுகிறது; விலை அதிகம். மற்றொன்று 650 ஃபில் பவர், தொடைவரை நீளம், ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனம், விலை குறைவு. எண் கூடினால் கதகதப்பும் கூடும் என்கிறார் கடைக்காரர். டொரன்டோவில் பல ஆண்டுகளாக வசிக்கும் என் மைத்துனரும் மெல்லிய ஜாக்கெட்டே போதும் என்கிறார். அதன் அட்டையில் ‘மைனஸ் 30 டிகிரி வரை’ என்றும் அச்சிடப்பட்டிருக்கிறது. எதை வாங்குவது? இங்கேயே வாங்குவதா, அங்கே போய் வாங்குவதா? மேலும், நாங்கள் சைவக் குடும்பம். பறவையின் தூவி அடைத்த ஆடையை மகளுக்கு வாங்கித் தர என் மனைவி தயங்குகிறார். இதற்கும் ஒரு வழி சொல்ல வேண்டுகிறேன்.
— ஒரு வாசகர், ஈரோடு

பதில் அளிப்பவர்: குளிர்கால ஆடைகளின் வடிவமைப்பிலும் தரச் சோதனையிலும் பணிபுரியும் ஆடைத் தொழில்நுட்பவியலாளர்

அன்புள்ள ஐயா,

தாங்கள் குறிப்பிட்டுள்ள இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், 650 ஃபில் பவர் கொண்ட அந்தக் கனமான நீண்ட ஜாக்கெட்டையே நான் பரிந்துரைப்பேன். தையல் முறை, தலையை மூடும் ஹூட் முதலிய சிலவற்றைச் சரிபார்த்த பிறகு வாங்க வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை. கடைக்காரர் பொய் சொல்லிவிட்டார் என்று நான் கருதவில்லை. 900 என்ற எண் உண்மையில் உயர்ந்த தரத்தைத்தான் குறிக்கிறது. ஆனால் அது ஜாக்கெட்டின் தரம் அன்று. அதனுள் அடைக்கப்பட்டிருக்கும் பொருளின் தரம். இந்த வேறுபாட்டைக் கடைகளில் பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வாத்து, வாத்தினத்தைச் சேர்ந்த கூஸ் ஆகிய நீர்ப்பறவைகளின் வெளியிறகுகளுக்கு அடியில், உடலை ஒட்டி வளரும் மென்மையான தூவியே இந்த ஜாக்கெட்டுகளில் அடைக்கப்படுகிறது. வெளியிறகுக்கு நடுவில் ஒரு தண்டு உண்டு; அது தட்டையாகவும் இருக்கும். தூவிக்கு அத்தகைய தண்டு கிடையாது. எருக்கங்காய் வெடித்துப் பறக்கும் பஞ்சைப் போல, ஒரு நடுப்புள்ளியிலிருந்து நுண்ணிய இழைகள் எல்லாத் திசைகளிலும் விரிந்து நிற்கும். குளிரைத் தடுப்பது அந்த இழைகள்கூட அல்ல, அவற்றுக்கிடையே அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்றுதான். அசையாத காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆகவே டவுன் ஜாக்கெட் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது, உடலைச் சுற்றி இத்தனை சென்டிமீட்டர் தடிமனுக்கு அசையாமல் நிறுத்தி வைக்கப்பட்ட காற்றையே. அந்தத் தடிமன் எவ்வளவு, அது அழுந்தாமலும் நனையாமலும் கிழியாமலும் எவ்வளவு காலம் நிற்கும் என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

ஃபில் பவர் என்பது, ஓர் அவுன்ஸ் தூவி, அதாவது ஏறத்தாழ 28 கிராம், எத்தனை கன அங்குல இடத்தை நிரப்பும் என்பதைச் சொல்லும் அளவு. சோதனைக்கூடத்தில் தூவியைப் பக்குவப்படுத்தி, ஓர் உருளைக்குள் இட்டு, அதன்மேல் வரையறுக்கப்பட்ட எடை கொண்ட ஒரு தட்டை மெதுவாக இறக்கி, அது எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். 900 என்றால் அந்த ஓர் அவுன்ஸ் 900 கன அங்குலத்தை நிரப்புகிறது. 650 என்றால் 650. பக்குவப்படுத்தும் முறை மாறினால் ஒரே தூவியே வேறு எண்ணைத் தரும் என்பதால், இரண்டு நாடுகளில் அச்சிட்ட எண்களை நேருக்கு நேர் ஒப்பிடுவதும் எப்போதும் சரியாக இருக்காது. இவை ஒருபுறம் இருக்கட்டும். முக்கியமான செய்தி என்னவென்றால், ஜாக்கெட்டுக்குள் எத்தனை அவுன்ஸ் தூவி இருக்கிறது என்பதை இந்த எண் சொல்லவே சொல்லாது.

எனவே கணக்கைத் தாங்களே போட்டுப் பாருங்கள். மொத்த எடையே 300 கிராம் உள்ள ஜாக்கெட்டுகளில் துணி, ஜிப், நூல் ஆகியவற்றின் எடை போக, தூவி பொதுவாக 80 முதல் 100 கிராம் வரைதான் இருக்கும். அதை 3 அவுன்ஸ் என்று வைத்துக்கொண்டால், 900 ஃபில் பவரில் கிடைக்கும் மொத்தக் கனஅளவு 2,700 கன அங்குலம். தொடைவரை நீண்ட கனமான ஜாக்கெட்டில் 8 அவுன்ஸ், அதாவது 225 கிராமை ஒட்டித் தூவி இருந்தால், 650 ஃபில் பவரிலேயே அது 5,200 கன அங்குலம் ஆகிவிடுகிறது. நீண்ட ஜாக்கெட் உடலின் அதிகப் பரப்பை மூடுவதால் தடிமன் அப்படியே இரு மடங்காகிவிடாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கூடுதல் கனஅளவில் ஒரு பகுதி இடுப்புக்கும் தொடைக்கும் போய்விடும். ஆயினும் மார்பிலும் முதுகிலும் கையால் பிடித்துப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். தூவியின் எடையைச் சில நிறுவனங்கள் அட்டையிலேயே அச்சிடுகின்றன, வேறு சில தங்கள் இணையதளத்தில் தருகின்றன. எங்குமே தராத ஜாக்கெட்டை, ஃபில் பவர் எண்ணை மட்டும் நம்பி வாங்க வேண்டாம் என்பதே என் அறிவுரை.

அப்படியானால் 900 யாருக்கு? பல நாள் சுமையை முதுகில் தூக்கிக்கொண்டு மலையேறுகிறவருக்கு. அவருக்கு ஒவ்வொரு நூறு கிராமும் கணக்கில் வரும். ஜாக்கெட்டைச் சுருட்டிப் பைக்குள் திணித்துவிட்டு ஏறி, ஓய்வெடுக்கும் இடத்தில் எடுத்து அணிந்துகொள்வார். வீட்டு வாசலில் அணிந்து, வகுப்பறையில் கழற்றி மாட்டும் மாணவிக்கு அந்த எடைக் குறைவால் ஒரு பயனும் இல்லை. பயன்படாத ஒரு சிறப்புக்குத் தாங்கள் கூடுதல் விலை கொடுப்பதாக ஆகும்.

தூவிக்கும் இறகுக்கும் உள்ள விகிதத்தையும் பாருங்கள். 90/10 என்றால் நூற்றில் 90 பங்கு தூவி, 10 பங்கு இறகு. 80/20 நகரப் பயன்பாட்டுக்குப் போதுமானது. அதற்குக் கீழே போனால் கனம் கூடும், இறகின் தண்டுகள் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் வாய்ப்பும் கூடும். சந்தையில் கிடைக்கும் ஜாக்கெட்டுகளில் பெரும்பகுதி சீனாவில் தைக்கப்படுவதால் இன்னொரு செய்தியையும் தெரிந்துகொள்வது நல்லது. உடைந்த இழைத் துணுக்குகளையும் சேர்த்துக் கணக்கிட்டு வந்த பழைய முறையை மாற்றி, முழுமையான தூவிக் கொத்துகளின் பங்கை மட்டுமே குறிப்பிட வேண்டும், அது 50 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று அந்நாட்டின் தேசியத் தரநிலை 2022 ஏப்ரல் முதல் விதிக்கிறது. துணுக்குகளைக் கூட்டி எண்ணைப் பெரிதாக்கும் வழக்கம் இருந்ததனால்தான் இந்த மாற்றம் தேவைப்பட்டது. வாத்தா, கூஸா என்பதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஃபில் பவரும் எடையும் ஒன்றாக இருந்தால் கதகதப்பும் ஏறத்தாழ ஒன்றுதான்.

அடுத்து, அட்டையில் உள்ள அந்த ‘மைனஸ் 30’. குளிரில் படுத்துறங்கும் ஸ்லீப்பிங் பேக்குகளுக்கு வெப்பநிலையைச் சோதித்துக் குறிப்பிட ஐஎஸ்ஓ 23537 என்ற பன்னாட்டுத் தரநிலை இருக்கிறது. குளிர்க்கிடங்கு போன்ற இடங்களில் வேலை செய்வோரின் பாதுகாப்பு ஆடைகளுக்கு ஐரோப்பாவின் ஈஎன் 342 இருக்கிறது. கடையில் நாம் வாங்கும் சாதாரண ஜாக்கெட்டுகளுக்கோ எல்லா நிறுவனங்களும் கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய பொதுவான சோதனை எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் மைனஸ் 30 மற்றொரு நிறுவனத்தின் மைனஸ் 15 ஆக இருக்கலாம். பொறுப்போடு சோதித்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்; ஆனால் அவர்களும் ‘நடந்துகொண்டிருக்கும்போது’, ‘உள்ளே இன்னின்ன அடுக்குகளோடு’ என்ற நிபந்தனைகளைச் சிறிய எழுத்தில்தான் தருகிறார்கள்.

அந்த நிபந்தனைதான் தங்கள் மகளின் விஷயத்தில் மிக முக்கியமானது என்று கருதுகிறேன். அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியிடுகிறது. விறுவிறுப்பாக நடக்கும்போது அது இரண்டரை மடங்கு அல்லது அதற்கு மேலும் உயர்கிறது. நடப்பவருக்குப் போதுமான ஜாக்கெட், அசையாமல் நிற்பவருக்குப் பாதிகூடப் போதாது என்று சொல்வது மிகையாகாது. மானிடோபா பல்கலைக்கழக வளாகத்தில் பல கட்டடங்களுக்கிடையே வெளியே வராமலே போகச் சுரங்க வழிகள் உண்டு. நகரின் மையப்பகுதியிலும் கட்டடங்களை இணைக்கும் மூடிய நடைபாலங்கள் உண்டு. ஆகவே உங்கள் மகள் வெளியில் நடக்கும் தூரம் அதிகமிருக்காது. அவள் குளிரை முழுமையாகச் சந்திக்கப் போவது பேருந்து நிறுத்தத்தில், அசையாமல் நிற்கும் அந்தப் பத்து, இருபது நிமிடங்களில்தான். ஜாக்கெட்டை அந்த நிமிடங்களுக்காகத் தேர்ந்தெடுங்கள். மற்ற நேரங்களில் அது அதிகமாகத் தோன்றினால் ஜிப்பைத் திறந்துவிட்டால் போயிற்று.

தங்கள் மைத்துனரின் கருத்தையும் நான் மறுக்கவில்லை. டொரன்டோவுக்கு அது சரியாகவே இருக்கக்கூடும். பெரிய ஏரிக்கரையில் இருக்கும் அந்த நகரத்தில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை மைனஸ் 4, 5 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. கண்டத்தின் நடுவே, கடலின் தணிவு எட்டாத சமவெளியில் இருக்கும் வின்னிபெக்கில் அதே சராசரி மைனஸ் 16 டிகிரியை ஒட்டியது. இரவின் சராசரிக் குறைந்தபட்சம் மைனஸ் 20க்கும் கீழே. மைனஸ் 30ஐத் தொடும் காலைகள் அங்கு ஒவ்வொரு குளிர்காலத்திலும் வரும். கனடாவில் வாழும் தமிழர்களில் பெரும்பாலோர் டொரன்டோவையும் அதன் சுற்றுப்புறங்களையும் சேர்ந்தவர்கள் என்பதால், ‘கனடாக் குளிர்’ என்று நம் உறவினர்கள் சொல்வது பெரும்பாலும் அந்த ஒரு நகரத்தின் குளிராகவே இருக்கிறது. வின்னிபெக், எட்மன்டன், சஸ்கட்டூன் போகிறவர்கள் அந்தந்த ஊரில் இருப்பவர்களிடம் கேட்பதுதான் பொருத்தம்.

வெப்பநிலையோடு காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் விண்ட் சில் (காற்றால் கூடுதலாக உணரப்படும் குளிர்) கணக்கின்படி, மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 33க்குச் சமம். அந்த அளவில் மூடப்படாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்து காயமாகிவிடலாம் என்று கனடிய வானிலைத் துறை எச்சரிக்கிறது. இந்த எண் முகம், காது, விரல்கள் போன்ற திறந்த இடங்களுக்கு உரியது. ஜாக்கெட்டின் உள்ளே இருக்கும் உடம்புக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் காற்று ஜாக்கெட்டையும் விட்டுவைப்பதில்லை. தையல் துளைகள் வழியே நுழைகிறது; மெல்லிய துணியை உடலோடு அழுத்தித் தூவியின் தடிமனைக் குறைக்கிறது. எனவே தூவிக்கு அடுத்தபடியாக, சில வேளைகளில் தூவிக்கு முன்னதாகவே, பார்க்க வேண்டியது மேல் துணியையும் தையலையும்தான்.

தூவி ஓரிடத்தில் திரளாமல் இருக்க, ஜாக்கெட்டை அறை அறையாகப் பிரித்துத் தைப்பார்கள். எளிய முறையில், வெளித்துணியையும் உள்துணியையும் நேரடியாகச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். தையல் ஓடும் கோடு முழுவதும் அங்கே தூவியே இருக்காது. இரண்டு துணிகள் மட்டுமே இருக்கும். தாங்கள் பார்த்த மெல்லிய ஜாக்கெட்டின் மேல் குறுக்கே நெருக்கமாகத் தையல் கோடுகள் ஓடுகின்றன என்றால், அது அநேகமாக இந்த வகைதான். மற்றொரு முறையில், இரண்டு துணிகளுக்கும் இடையே சிறு துணிச் சுவர்களை வைத்துப் பெட்டி பெட்டியாகத் தைப்பார்கள். தையலின் இடத்திலும் தடிமன் குறையாது. வேலைப்பாடும் விலையும் கூடும். மூன்றாவதாக, நகரங்களுக்கான நீண்ட ஜாக்கெட்டுகளில், தூவி அடைத்த உள்ளடுக்கைத் தனியாகத் தைத்து, அதன்மேல் தையல் கோடே தெரியாத ஒரு கனமான துணியைப் போர்த்திவிடுவார்கள். உள்ளே எளிய தையலாக இருந்தாலும், வெளித்துணி காற்றைத் தடுத்துவிடும். பேருந்துக்குக் காத்திருப்பவருக்கு இந்த மூன்றாவது முறை மிகவும் ஏற்றது. கடையில் சோதிப்பது எளிது. தையல் கோட்டின் மேல் ஒரு விரலையும், உள்பக்கம் அதே இடத்தில் மற்றொரு விரலையும் வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு விரல்களுக்கும் இடையே வெறும் துணி மட்டும் தட்டுப்பட்டால் அது எளிய தையல். அதன்மேல் காற்றைத் தடுக்கும் தனித்துணி இல்லை என்றால் வின்னிபெக்குக்கு அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

காற்றுப் புகாத துணியும் தூவியும் சேர வேண்டும் என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில், ஆஸ்திரேலியாவில் பிறந்த வேதியியலாளர் ஜார்ஜ் ஃபின்ச், பலூன் செய்யும் துணிக்குள் ஐடர் வாத்தின் தூவியை அடைத்துத் தைத்த ஒரு மேலங்கியை அணிந்து போனார். கம்பளியும் ட்வீடும் அணிந்திருந்த உடன் பயணிகளுக்கு முதலில் அது விநோதமாகத் தெரிந்தது. குளிர் ஏற ஏற அவர்களது பார்வை மாறியது. தூவியின் சிறப்பு பலருக்கும் முன்பே தெரியும். அதைக் காக்கும் துணியையும் அவர் சேர்த்தே யோசித்ததுதான் பாராட்டுக்குரியது.

வடிவத்தைப் பொறுத்தவரை, நீளம் நடுத்தொடை வரையாவது இருக்கட்டும். இடுப்போடு நிற்கும் ஜாக்கெட் பேருந்து நிறுத்தத்தில் தொடைகளைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். ஹூட் ஜாக்கெட்டோடு சேர்ந்தே இருக்க வேண்டும். உள்ளே குல்லாய் அணிந்தபடி போட்டுக்கொள்ளும் அளவுக்கு ஆழமாகவும், முகத்தைத் தாண்டிச் சற்று முன்னே நீண்டும், கயிற்றால் இறுக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஹூட்டின் விளிம்பில் இருக்கும் ரோமம் வெறும் அழகுக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். முகத்தின் மேல் காற்றின் வேகத்தை உடைப்பதே அதன் வேலை. அதற்காக விலங்கின் ரோமம்தான் வேண்டும் என்பதில்லை. டொரன்டோவில் 1957இல் தொடங்கப்பட்ட கனடா கூஸ் நிறுவனமே 2022இல் விலங்கு ரோமத்தைப் பயன்படுத்தித் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. ஜிப் பெரிய பிளாஸ்டிக் பற்களோடும், மேலிருந்தும் கீழிருந்தும் திறக்கக்கூடியதாகவும் இருந்தால், பேருந்தில் உட்காரும்போது கீழே திறந்துவிட்டுக்கொள்ளலாம். ஜிப்பின் மேல் மூடி, மணிக்கட்டில் இறுக்கமான பின்னல் பட்டி, கையுறையோடு பிடிக்கக்கூடிய இழுப்பு நாடா ஆகியவற்றைப் பாருங்கள். உள்பக்கம் ஒரு பை அவசியம். கடுங்குளிரில் கைபேசியின் பேட்டரி சட்டென்று வலுவிழந்துவிடும் என்பதால், அதை உடம்பை ஒட்டி வைத்திருப்பது நல்லது.

தூவிக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. நனைந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தடிமனும் அதோடு கதகதப்பும் போய்விடும். தங்கள் மகள் வான்கூவருக்கோ லண்டனுக்கோ போவதாக இருந்தால், குளிர் மழை அதிகமுள்ள அந்த ஊர்களுக்குத் தூவியை நான் முதல் தேர்வாகச் சொல்லியிருக்க மாட்டேன். வின்னிபெக்கின் நடுக்குளிர்காலம் வறண்டது. பனி ஈரமில்லாத பொடியாக விழும். உள்ளே நுழையும் முன் தட்டிவிட்டாலே உதிர்ந்துவிடும். அங்கே ஜாக்கெட் நனைவது பெரும்பாலும் உள்ளிருந்து, வியர்வையால்தான். சூடேற்றப்பட்ட கட்டடத்துக்குள் நுழைந்ததும் கழற்றிவிடும் பழக்கத்தை அவள் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். உள்ளே பருத்தி பனியனையும் தவிர்க்கச் சொல்லுங்கள். அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே உடலோடு ஒட்டிக்கிடக்கும். மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டரால் ஆன தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஒரு ஃபிளீஸ் (மென்மையான செயற்கை இழை மேலாடை) அல்லது கம்பளி ஸ்வெட்டர், அதன்மேல் இந்த ஜாக்கெட் என்பதே நான் சொல்லும் வரிசை. காலுக்கும் தெர்மல் வேண்டும்.

இனி, தங்கள் துணைவியாரின் தயக்கம். அதை நான் மிகவும் மதிக்கிறேன். அதைச் சமாதானப்படுத்திக் கலைப்பது என் வேலை அன்று. உண்மை நிலையை மட்டும் சொல்கிறேன். சந்தைக்கு வரும் தூவியில் மிகப் பெரும்பகுதி, இறைச்சிக்காக வளர்க்கப்படும் வாத்துகளிலிருந்தும் கூஸ்களிலிருந்தும் துணைப்பொருளாகக் கிடைப்பது. பறவை உயிரோடு இருக்கும்போதே தூவியைப் பறிப்பது, கட்டாயமாக இரையூட்டிய பறவைகளிடமிருந்து எடுப்பது ஆகிய கொடுமைகளும் இத்துறையில் இருந்திருக்கின்றன. இவற்றை விலக்குவதற்காக ‘ரெஸ்பான்சிபிள் டவுன் ஸ்டாண்டர்ட்’ என்ற சான்று முறை 2014 முதல் நடைமுறையில் உள்ளது. அட்டையில் ஆர்டிஎஸ் என்ற குறி இருந்தால் பண்ணையிலிருந்து தையல்வரை தணிக்கை செய்யப்பட்டது என்று பொருள். ஆனால் அது கொடுமையை விலக்கும் சான்றுதானே தவிர, கொல்லாமைக்கான சான்று அன்று. உயிரைக் கொன்று பெற்ற பொருள் எதுவும் வேண்டாம் என்பது தங்கள் குடும்பத்தின் நிலை என்றால், செயற்கை இழை அடைத்த நீண்ட ஜாக்கெட்டே வழி. 1980களில் அமெரிக்க ராணுவத்துக்காகத் தூவிக்கு மாற்றாக உருவாக்கப்பட்ட பிரைமாலாஃப்ட் போன்ற இழைகள் இன்று வெகுவாக முன்னேறியிருக்கின்றன. நனைந்தாலும் ஓரளவு கதகதப்பைக் காக்கும், துவைப்பதும் எளிது. அதே கதகதப்புக்குக் கனம் சற்றுக் கூடும். சில குளிர்காலங்களில் தடிமன் தளர்ந்துவிடும். இரண்டு ஆண்டுப் படிப்புக்கு அது ஒரு தடையே இல்லை. அணியப் போகிறவள் மகள்; அவளுடைய விருப்பத்தையும் கேட்டுவிடுங்கள்.

எங்கே வாங்குவது என்பதற்கு, அங்கே என்பதே என் பதில். வின்னிபெக் கடைக்காரர்கள் தங்கள் ஊரின் குளிரை அறிந்தே சரக்கை வைத்திருப்பார்கள். அணிந்து பார்த்து வாங்கலாம். டிசம்பர் 26ஆம் தேதி ‘பாக்ஸிங் டே’யை ஒட்டித் தொடங்கும் தள்ளுபடிகள் ஜனவரியிலும் பல கடைகளில் தொடரும். 300 முதல் 500 கனடிய டாலருக்குள் மிக நல்ல ஜாக்கெட் கிடைக்கும். ஆயிரம் டாலருக்கு மேல் போகும்போது, கூடுதல் பணத்தில் கணிசமான பங்கு கதகதப்புக்கு அன்றிப் பெயருக்கே போகிறது என்பது என் கணிப்பு. புகழ்பெற்ற பெயர்களின் போலிகள் இணையத்தில் மலிந்திருப்பதால், நம்ப முடியாத விலைக்கு வருவதை நம்ப வேண்டாம். பழைய பொருள் கடைகளையும் நான் ஒதுக்கச் சொல்லமாட்டேன். படிப்பை முடித்து வெப்பமான ஊருக்குப் போகும் மூத்த மாணவர்களும் தங்கள் ஜாக்கெட்டை விற்பதுண்டு. பழையதை வாங்கினால், உள்ளங்கையால் அழுத்திவிட்டு எடுக்கும்போது மெல்ல எழுந்து நிரம்புகிறதா, தூவி கட்டி கட்டியாகத் திரண்டிருக்கிறதா, பூஞ்சை வாடை வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

வாங்கும்போது தெர்மலும் ஸ்வெட்டரும் அணிந்துகொண்டே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஜிப்பை முழுவதும் ஏற்றி, இரு கைகளையும் முன்னே நீட்டி, பிறகு மேலே தூக்கி, ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்தும் பார்க்க வேண்டும். முதுகிலோ தோளிலோ இறுக்கினால் அந்த இடத்தில் தூவி நசுங்கி, காசு கொடுத்து வாங்கிய காற்று வெளியேறிவிடும். மிகவும் தொளதொளப்பாக இருந்தால், ஒவ்வோர் அசைவிலும் உள்ளேயிருக்கும் வெப்பக்காற்று கழுத்து வழியாக வெளியேறிக் குளிர்காற்று கீழிருந்து ஏறும்.

பராமரிப்பு கடினமானது அன்று. குளிர்காலம் முடியும்போது ஒருமுறை துவைத்தால் போதும். முன்பக்கம் திறக்கும் இயந்திரத்தில், தூவிக்கென விற்கும் திரவச் சோப்பில், மென்மையான சுழற்சியில் துவைக்க வேண்டும். துணி மென்மையாக்கி சேர்க்கக் கூடாது. உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில் இரண்டு, மூன்று டென்னிஸ் பந்துகளோடு போட்டால், அவை தட்டித் தட்டிக் கட்டிகளைப் பிரித்துவிடும். முழுவதும் உலரச் சில மணி நேரம் ஆகும். பாதி உலர்ந்ததை மடித்து வைத்தால் கெட்டுப்போகும். எங்காவது தூவி எட்டிப் பார்த்தால் அதை வெளியே இழுக்காமல், மறுபக்கத்திலிருந்து கிள்ளி உள்ளே இழுத்துவிட வேண்டும். சிறு கிழிசலுக்கு நைலான் ஒட்டுநாடா போதும். கோடையில் அழுத்திச் சுருட்டாமல் தொங்கவிட வேண்டும். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அதை ஈரோட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் திணித்து வைக்காமல், அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

மீதமிருப்பது, விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து புதிய ஜாக்கெட் வாங்கும் வரையிலான ஓரிரு நாட்கள். அதற்காக 900 ஃபில் பவர் ஜாக்கெட்டை வாங்க வேண்டியதில்லை. முன்னமே வாங்கிவிட்டிருந்தால் வீணாகவும் ஆகாது. அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் அது பொருத்தம், மைனஸ் 35இல் பெரிய ஜாக்கெட்டுக்கு உள்ளே ஓர் அடுக்காகவும் அணியலாம். வாங்கவில்லை என்றால், கோவையிலோ சென்னையிலோ மலையேற்றப் பொருட்கள் விற்கும் கடையில் ஹூட் உள்ள, செயற்கை இழை அடைத்த ஒரு சாதாரண ஜாக்கெட்டும் ஒரு ஃபிளீஸும், தெர்மல் இரண்டு சோடியும், கையுறையும் குல்லாயும் வாங்கிக் கொடுத்தால் போதும். இவை எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும், பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது. வின்னிபெக்குக்குப் பெரும்பாலும் இடையில் விமானம் மாறித்தான் போக வேண்டியிருக்கும்; பெட்டி பின்தங்கிவிட்டால், மைனஸ் 25 டிகிரியில் வாடகைக் காரை நோக்கி அவள் நடக்கும்போது கையில் இருப்பவை மட்டுமே உதவும்.